ஏழு செம்புத் தண்ணீர்

செடிக்குத் தண்ணீர் ஊற்ற நடுப்பகலைப் போலக் கெட்ட நேரம் வேறு கிடையாது, ஐயா. உங்கள் கான்ஸ்டபிள் நல்ல மனுஷன்தான். என் வீட்டைச் சோதனை போட வந்தவர், துவண்டு கிடந்த கத்தரியைப் பார்த்து இரக்கப்பட்டு, உச்சி வெயிலில் ஒரு வாளி இறைத்து ஊற்றிவிட்டார். கத்தரி இலை பகலில் தொங்கும், சாயங்காலம் தானே நிமிரும். அது தாகம் இல்லை, நடிப்பு. எது தாகம், எது நடிப்பு என்று தெரியாதவர்கள் கையில் வாளியைக் கொடுக்கக் கூடாது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்லுகிறேன்.

என் பெயர் தேவஇரக்கம். வயது ஐம்பத்திரண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் போகிற பாதையில் எங்கள் அப்பா விட்டுப்போன வீடு. பின்னால் பன்னிரண்டு சென்ட் தோட்டம், ஒரு கிணறு. எனக்கும் என் தம்பி ஜெபதுரைக்கும் சரிபாதி. அவன் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு ஆலையில் மெஷின் பிட்டராக இருந்தான். பதினைந்து வருஷம் தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குத் தோட்டம் போதுமாக இருந்தது.

போன இரண்டு ஐப்பசியும் மழை பொய்த்தது உங்களுக்கே தெரியும். ஊரில் எல்லார் தோட்டமும் விறகாயிற்று, என்னுடையது ஆகவில்லை. அதில் மந்திரம் எதுவும் கிடையாது. கொய்யாவுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, அடியில் ஓட்டை போட்டுத் துணித்திரி செருகினேன். ஒரு பானை தண்ணீர் ஐந்து நாள் கசியும். பாத்திகளில் சருகு பரப்பினேன். குளிக்கிற தண்ணீர் வாழைக்கு, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சேம்புக்கு, அரிசி களைந்தது கறிவேப்பிலைக்கு. நானே வாரம் இரண்டு நாள்தான் குளித்தேன், அதையும் வாழைக்கு நடுவில் நின்றுதான் குளித்தேன். கிணற்றில் நாலு முழத் தண்ணீர் கிடந்தது என்றால் அதை நிறுத்திவைத்தவன் நான்.

சித்திரையில் ஆலையில் ஆள் குறைத்தார்கள். ஜெபதுரை பெண்டாட்டி அன்னத்தாயைக் கூட்டிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டான். அவள் அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். வந்த மறுநாள் கிணற்றடியில் நின்று எட்டு வாளி தலையில் ஊற்றிக்கொண்டான். நான் எண்ணினேன். சோப்பு நுரை மல்லிகைப் பாத்திவரை போயிற்று. பொறுத்துக்கொண்டேன். தம்பி அல்லவா.

அதோடு நின்றிருந்தால் இன்று நாம் இருவரும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம். தெருக்கிணறு வற்றியதும் பெண்கள் குடத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். அவன் கதவைத் திறந்துவிட்டான். முதல் நாள் ஆறு குடம், ஆனி முடிவதற்குள் நாற்பது. சருகின்மேல் மிதித்துக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி என் கொய்யாப் பானையைக் காலால் தட்டி உடைத்துவிட்டு, "யாருலே இங்கன சட்டியப் பொதைச்சது?" என்று சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

ஆடித் தேருக்கு அவன் இரண்டு பீப்பாய் தண்ணீரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், வெளியூர் ஜனங்களுக்கு ஊற்றிவிட்டு வந்தான். ஞானஸ்நானம் வாங்கின வேதக்காரனுக்குத் தேர்த் தெருவில் என்ன வேலை என்று கேட்டேன்.

"தவிச்ச வாய்க்கு வேதம் என்னண்ணே, கோயில் என்ன" என்றான். "இன்னொண்ணும் சொல்லிருதேன். கொத்தனார் வேலுசாமிய வியாழக்கெழம வரச் சொல்லிருக்கேன். பின் சுவத்த இடிச்சுத் தெருப்பக்கம் ஒரு உருளை போட்டுட்டா, அவுக பாட்டுக்கு இறைச்சுக்கிடுவாக."

"தோட்டம் செத்துப்போகும்" என்றேன்.

"செடி காஞ்சா வேற செடி வச்சுக்கிடலாம்ணே. பச்சப்புள்ளைக தண்ணி இல்லாமக் கெடக்கு."

கிணற்றில் அவனுக்குப் பாதி உரிமை உண்டு. நான் ஒரு வக்கீல் குமாஸ்தாவைக்கூடக் கேட்டுப் பார்த்தேன், தடுக்க வழியில்லை என்றார். ஆகவே நான் என் பாட்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

தேரோடு வாந்திபேதியும் வந்தது. செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் ஜெபதுரை படுத்துவிட்டான். சூரியன் பனை உயரம் ஏறுவதற்குள் கண் குழிந்துவிட்டது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தண்ணீர், தண்ணீர் என்றுதான் கேட்டான். அன்னத்தாய் செம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் அறை வாசலில் மறித்தேன். பிள்ளைத்தாச்சி அந்த அறைக்குள் போகலாமா? நீங்களே சொல்லுங்கள். நான் மட்டும் உள்ளே இருந்தேன். யார் இருப்பார்கள் அப்படி? அக்கம்பக்கத்தார்கூட, "கூடப்பொறந்தவர்னா இவரு மாதிரி இருக்கணும்" என்றார்கள். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

வாந்திபேதிக்காரனுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று நான் சொன்னேன். ஊரே அப்படித்தான் சொல்லுகிறது. உங்கள் வீட்டிலும் சொல்லுவார்கள். ஆனால் அன்னத்தாய் கேட்கிற ஜாதி இல்லை. பால்சாமியின் குதிரைவண்டியை மிஷன் ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். அங்கே இடமில்லை, தாழ்வாரத்தில்கூடப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று அவன் திரும்பி வந்தான். வந்தவன் நர்ஸ் ஜெயபாய் சொன்னதையும் சேர்த்துக் கொண்டுவந்தான்.

"அத்தான், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியச் செத்த நேரத்துக்கு ஒருக்கா குடுத்துக்கிட்டே இருக்கணுமாம். நர்ஸம்மா சொல்லிருக்காவ. வாந்தி எடுத்தாலும் நிறுத்தக் கூடாதாம். நான் வேணா தள்ளி நின்னு ஊட்டுதேன் அத்தான்" என்று அன்னத்தாய் என்னிடம் கெஞ்சினாள்.

"நீ வராத. நான் குடுக்கேன்" என்றேன்.

அவள் குருணையைக் காய்ச்சி, உப்புப் போட்டு, ஆறவைத்து ஒவ்வொரு செம்பாகக் கொண்டுவந்தாள். நான் வாசலில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். வெறும் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். "குடிச்சாகளா அத்தான்?" என்று கேட்பாள். "குடிச்சான்" என்பேன். அவள் முகம் தெளியும். இப்படிச் சாயங்காலத்துக்குள் ஏழு செம்பு. பொழுது சாய்கிற நேரத்தில் ஜெபதுரை போய்ச் சேர்ந்தான். வியாழக்கிழமை வந்த வேலுசாமியைக் கல்லறைக்குக் காரை பூச அனுப்பிவைத்தேன்.

தெரியாமல் செய்தாயா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எப்படியும் விசாரித்திருப்பீர்கள், மறைத்து என்ன ஆகப்போகிறது? இருபத்துநாலாம் வருஷத்து வாந்திபேதியில் அதே மிஷன் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் நான் ஏழு வாரம் வேலை பார்த்தேன். உப்புக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக என் கையால் புகட்டியிருக்கிறேன். பிணம் என்று ஒதுக்கினவர்களில் பதினொரு பேர் எழுந்து வீட்டுக்கு நடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் தெரியும்.

இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். குண்டுமல்லிக்குக் கார்த்திகையோடு தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இலை பழுத்து உதிரும். பார்க்கிறவர்கள் செடி போயிற்று என்பார்கள். மார்கழியில் கவாத்து செய்து, எரு வைத்து, பிறகு தண்ணீர் விட்டால் பங்குனியில் பறித்து மாளாது. எதுவரை காயவிடலாம், எந்த நாள் தாண்டினால் திரும்பாது என்பதுதான் வித்தை. குச்சியை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். ஜெபதுரையின் புறங்கையை நான் அவ்வப்போது கிள்ளிப் பார்த்தேன். தோல் மடிந்தது மடிந்தபடி நின்றது. ஆனாலும் நாடி இருந்தது. ஐந்தாவது செம்பு வந்தபோது இன்னும் நேரம் இருந்தது. ஆறாவதுக்கும் இருந்தது என்றே நினைக்கிறேன். ஏழாவது செம்பு வந்தபோது இல்லை.

நான் அவன்மேல் கை வைக்கவில்லை. கிணற்றில் தள்ளவில்லை, விஷம் கலக்கவில்லை. கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் நான் ஏதாவது ஒரு செடிக்குக் கொடுக்காமல்தான் இருக்கிறேன். இருக்கிற தண்ணீரை யாருக்கு விடுவது என்று யாராவது ஒருவர் முடிவு செய்துதானே ஆகவேண்டும்? அவன் பங்கு இனி அன்னத்தாய்க்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் சேரும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரை வாழைக்குத் திருப்ப ஒரு வாய்க்கால்கூட வெட்டிவைத்திருக்கிறேன். அவளிடம் சொன்னேன். தென்னையின் தூரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆமாம், அங்கேதான் அவள் கண்டுபிடித்தாள். அடக்கம் முடிந்து வந்து கைகால் கழுவப் போனவள், தென்னம்பாத்தியில் குருணையும், அதைச் சுற்றி எறும்பும் கண்டிருக்கிறாள். அவள் உங்களிடம் சத்தியம் செய்து சொன்னது அத்தனையும் உண்மை. அந்த அறைக்குப் பின்வாசல் உண்டு. இறங்கினால் நாலு எட்டில் தென்னை. ஜன்னலும் அந்தப் பக்கம்தான். கட்டிலில் படுத்திருந்தவனுக்கு நன்றாகத் தெரியும். முதல் மூன்று செம்புக்கு அவன் கையை நீட்டினான். "அண்ணே, அது எனக்குண்ணே" என்றான். குரல் எழும்பவில்லை, உதட்டசைவுதான். அதற்குப் பிறகு பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

மனசாட்சி உண்டா என்று கேட்டீர்கள், ஐயா. முதல் செம்பை வாங்கின உடனே மல்லிகைக்குத்தான் கொண்டுபோனேன். போகிற வழியில் அதில் உப்பு இருப்பது ஞாபகம் வந்தது. உப்பு பட்டால் மல்லிகை கருகிவிடும், பாவம். தென்னைக்கு உப்பு நல்லது. ஏழு செம்பையும் நிதானமாகத் தூரைச் சுற்றி ஊற்றினேன். ஒரு சொட்டுகூட வீணாகவில்லை.