காலி நாற்காலிகளில் உட்காரலாம்

எங்கள் அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது கழிவறை எங்கே என்றுதான். இடப்பக்கம் திரும்பி நேராகப் போனால் தண்ணீர்க் குழாய்க்கு அடுத்த கதவு. பல்கலைக்கழக வளாகத்திலேயே எங்களுடையதுதான் சுத்தமானது என்பதால் வேதியியல் துறையிலிருந்துகூட வருவார்கள். பாதிப் பேர் திரும்பும் வழியில் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களையும் பார்வையாளர் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

எங்கள் மூன்றாவது அறையில் என் அக்கா எப்படி இறந்தாள் என்று சொந்த வார்த்தைகளில் எழுதச் சொன்னீர்கள். இடத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

மொத்தம் நான்கு அறைகள். முதல் அறையில் படங்கள். இரண்டாவதில் ஒரு கொடிக்கயிறும் அதில் தொங்கும் பதினாறு கறை படிந்த படுக்கை விரிப்புகளும். நான்காவது அறையில் எப்போதும் 'விரைவில்' என்ற அட்டை தொங்கும். மூன்றாவதில் இருப்பது ஒரு மருத்துவமனைக் காத்திருப்பு அறை. ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் ஏழு ஆளுயர உருவங்கள். செய்தவர் ஒரு இளம் சிற்பி. ஒரு அம்மாளின் மடியில் மருந்துச் சீட்டு இருக்கும், ஒருவர் வாயைப் பிளந்து தூங்குவார், அவர் காதில் முடிகூட உண்டு. விளக்கு மாற்ற வந்த மின்பணியாளர் ஒருமுறை அவரிடம் ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டார். சுவரில் ஒரு அறிவிப்பு இருக்கிறது: 'காலி நாற்காலிகளில் உட்காரலாம். உருவங்களைத் தொடக் கூடாது.'

நான் அங்கே கண்காணிப்பாளர். அறைகளுக்கு நடுவே நிற்பதுதான் வேலை. யாராவது படைப்பைப் பற்றிக் கேட்டால் விளக்கம் சொல்லக் கூடாது என்பது இயக்குநரின் கட்டளை. "நீங்க பதில் சொல்லிட்டீங்கன்னா அவங்க பாக்கறத நிறுத்திடுவாங்க" என்றார். பதிலுக்கு நாங்கள் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: "உங்களுக்கு என்ன தோணுது?" எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. பேசாமல் இருப்பதற்காக ஒருத்தியை வேலைக்கு வைத்துக்கொள்ளும் இடம் எத்தனை இருக்கும்? பதினோரு வருடம் அங்கே நிம்மதியாக நின்றேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா போனபோது எனக்கு ஏழு வயது. அவள்தான் வளர்த்தாள். எனக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாள், பிறகு தள்ளிப் போட ஒன்றும் மிச்சமில்லை. இதை என்னிடம் அவள் சொல்லிக்காட்டியதே இல்லை. மற்றவர்களிடம்தான் சொல்வாள். தொலைபேசி நிலையத்தில் விசாரணைப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவள், பேசப் பழகிய வாய். ஓய்வு பெற்ற நான்காவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, "வீட்டுச் சுவரையே எவ்வளவு நேரம்டி பாக்கறது, உங்க சுவரையும் வந்து பாக்கறேன்" என்று கிளம்பி வந்துவிட்டாள்.

முதல் அறையை இரண்டு நிமிடத்தில் முடித்தாள். இரண்டாவது அறையில் விரிப்புகளைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்தாள்.

"ஏய் பூச்சி, நம்ம வீட்டுக் கொடிய யாருடி இங்க கொண்டாந்து மாட்டினது?"

பூச்சி என்பது நான். விருந்தாளிகள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன் என்பதால் அவள் வைத்த பெயர். அங்கே ஐந்தாறு மாணவர்கள் இருந்தார்கள். அக்கா அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"பதினோரு வயசு வரைக்கும் இவ படுக்கைய நனைப்பா. தெனம் காலைல அலசிக் காயப் போடறது நான். எதிர் வீட்டுக்காரங்க காலண்டரே வாங்கல, எங்க கொடியப் பாத்துத்தான் நாள் எண்ணுவாங்க."

ஒன்பது வயது வரைக்கும்தான். அதைத் திருத்த எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், வாசலில் நின்ற இயக்குநர் உட்பட. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, "இந்த ரூம்ல யாரும் இவ்ளோ நேரம் நின்னதே இல்லம்மா" என்றார். அடுத்த வாரமே அக்கா செவ்வாய்க்கிழமைகளின் தொண்டர் வழிகாட்டி ஆனாள். விளக்கம் சொல்லக் கூடாது என்ற விதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அவங்க விளக்கமா சொல்றாங்க? கதைதானே சொல்றாங்க" என்றார் இயக்குநர். அதுவும் நியாயம்தான்.

ஏழு மாதம் அப்படிப் போயிற்று. செவ்வாய்க்கிழமைகளில் பத்தொன்பது இருபது பேர் வந்த இடத்தில் அறுபது பேர் வந்தார்கள். வாசலில் மாணவர்கள் "வணக்கம் பூச்சி மேடம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அக்காவிடம் என்னைப் பற்றி ஒரு கதை இருந்தது. நான் பள்ளிக்கூட மேடையில் பாட்டை மறந்து நின்றது, பெண் பார்க்க வந்தவர் என்னை வேலைக்காரி என்று நினைத்துத் தண்ணீர் கேட்டது. பெரும்பாலும் உண்மை. அவள் பொய்க்காரி இல்லை. கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டுவாள், அவ்வளவுதான்.

காத்திருப்பு அறையில் அவளுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் கைகளை வைத்து, அசையாமல் இருப்பாள். யாராவது கிட்டே குனிந்து பார்த்தால் கண் அடிப்பாள். அலறிவிட்டுச் சிரிப்பார்கள். அதற்காகவே நண்பர்களைக் கூட்டி வந்தவர்கள் உண்டு. ஒருநாள் வீட்டில் சொன்னாள்: "நீ மூலையில நின்னுட்டிருந்த பாரு, எட்டாவது பொம்மைன்னு நெனச்சு ஒரு பொண்ணு உன்னையும் ஒரு சுத்து சுத்திட்டுப் போனாடி."

அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு. இருபத்திரண்டு வருடமாகக் காலை ஊசி போடுவது நான்தான். ஊசிக்குப் பிறகு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். முதலில் மேலுதட்டில் வியர்க்கும். பிறகு சொற்கள் தட்டுப்படாது. பிறகு பேச்சே நின்று, வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குள் குளுக்கோஸ் பொடியை வாயில் போட வேண்டும். போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து, "என்னடி அப்படிப் பாக்கற" என்பாள். போடாவிட்டால் என்ன ஆகும் என்று மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். பொடி டப்பா எப்போதும் அவள் பையில் இருக்கும். இதுவரை நாற்பது தடவையாவது அவளைத் திருப்பிக் கொண்டு வந்திருப்பேன். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை மாலை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "புதன், வியாழன், வெள்ளியும் வரேன்னு உங்க இயக்குநர் கிட்டச் சொல்லிட்டேன். உனக்கும் பேச்சுத்துணையா இருக்கும்ல."

"சந்தோஷம்கா" என்றேன்.

பார்வையாளர் பைகளை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் விதி. அக்கா விஷயத்தில் ஏழு மாதமாக அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன். அது என் தவறு. மறுநாள் காலை அவள் பையை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"என்னடி, எனக்குமா?"

"எல்லாருக்கும்தான்கா."

"அம்மாடி, பெரிய அதிகாரி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். பக்கத்தில் இரண்டு மாணவர்கள் நின்றார்கள்.

பன்னிரண்டரைக்கு நாங்கள் சாப்பிடுவது வழக்கம். அன்று பன்னிரண்டு மணிக்கு முதலாண்டு மாணவர்கள் முப்பது பேர் வந்தார்கள். இவர்களை அனுப்பிவிட்டுச் சாப்பிடலாம் என்றேன், அக்கா சரி என்றாள். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, விரிப்புகளின் முன்னால், பேசிக்கொண்டே வந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றாள். மேலுதட்டில் வியர்வை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது அறைக்குப் போய் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விளையாட்டு ஆரம்பித்துவிட்டது என்று மாணவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"இன்னிக்குச் செமயா பண்றாங்கடா."

"வேர்க்குது பாரு."

"ஏசி ஓடல, எனக்கும்தான் வேர்க்குது."

அவள் கண் அடிக்கவில்லை. கண்கள் என் மேல் இருந்தன. வலது கை முழங்காலிலிருந்து மெல்ல எழுந்து என் பக்கம் நீண்டு, மறுபடி மடியில் விழுந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள். ஒன்றே காலுக்கு அவர்களுக்கு வகுப்பு, போய்விட்டார்கள்.

அதன் பிறகு, கயிறு கட்டிய இரண்டு தடுப்புக் கம்பிகளை நகர்த்தி அவளுக்கு முன்னால் வைத்தேன். புதிதாக வந்தவர்களுக்கு அவளைத் தெரியாது. ஒரு அம்மாவும் நான்கு வயதுக் குழந்தையும் வந்தார்கள்.

"அம்மா, இந்தப் பாட்டி மூச்சு விடுது."

"உள்ள மோட்டார் வச்சிருப்பாங்க கண்ணு."

குழந்தைக்கு அது திருப்தியாக இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

பிறகுதான் உங்கள் காவல் நிலையத்துக்கு வந்து புகார் சொன்ன பெரியவர் வந்தார். முன்பு மருந்துக் கடை வைத்திருந்தவர் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சொன்னது எல்லாம் உண்மை. அறையை ஒருமுறை சுற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அந்த ஓரத்துல இருக்கறது பொம்மையா, ஆளா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"ஆள் மாதிரிதான் தோணுது. மொகம் சரியில்லயே."

"நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. சிற்பி கேட்டா சந்தோஷப்படுவாங்க."

அவர் கயிற்றுக்கு மேலே குனிந்து கையை நீட்டினார். "தொடக் கூடாது சார்" என்றேன். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கம்மா. இதெல்லாம் எனக்குப் புரியறதில்ல."

நல்ல மனிதர். அவருக்குத் தூக்கம் வருவதில்லை என்று சொன்னீர்கள். அவர் மேல் ஒரு தவறும் இல்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டேகாலுக்கு இயக்குநர் வெளியே ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பினார். அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "போதும்மா, எழுந்து வாங்க, டீ குடிக்கலாம்" என்றார். பிறகு கயிற்றைத் தாண்டிப் போய் அவள் தோளைத் தொட்டார். மற்றதெல்லாம் மருத்துவரின் அறிக்கையில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். படித்துப் பார்க்கையில் அது இல்லாமல் இந்த வாக்குமூலம் சரியாக இல்லை.

விரிப்புகளின் முன்னால் பேச்சு நின்றதும் அவள் நேராக நாற்காலிக்குப் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "பூச்சி, பை" என்றாள். சாவி என் கழுத்தில் இருந்தது. வாசலுக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். டப்பா பையில் மேலாகவே இருந்தது. எடுத்து, மூடியைத் திறந்து பார்த்தேன். முக்கால்வாசி பொடி இருந்தது. மூடி, இருந்த இடத்திலேயே வைத்து, அலமாரியைப் பூட்டினேன். திரும்பி வந்து, "எடுத்துட்டு வந்துட்டேன்கா, அங்க உக்காரு, கலக்கித் தரேன்" என்றேன். அவள் அதை நம்பித்தான் போய் உட்கார்ந்தாள். நாற்பது தடவையும் தந்திருக்கிறேன் அல்லவா?

அவள் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். அப்படி நினைக்கவில்லை. ஒரே ஒரு நாள் அவள் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவளைக் கொன்றது நான்தான் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், அது சரியான சொல்தான். ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரமும் நான் அவள் எதிரிலேயே நின்றேன், சாப்பிடக்கூடப் போகவில்லை. அவளை நான் தனியாக விட்டுவிடவில்லை.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முடிந்தால் வரும் செவ்வாய்க்கிழமைக்குள் என்னை அனுப்பிவிடுங்கள். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள், இயக்குநருக்கு அவர்களைத் தனியாகச் சமாளிக்க வராது. வழிகாட்டியாக நானே நிற்கிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். அக்காவின் சின்ன வயதுக் கதைகள் எனக்கும் நிறையத் தெரியும்.