உலைக்கதவில் ஒட்டிய சீட்டு

இந்த அறைக்கு ஒரு ஜன்னலாவது இருக்கிறது, ஐயா. பதினொரு வருஷமாக நான் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் அறையில் அதுவும் கிடையாது. குறை சொல்லவில்லை, பழகிவிட்டது.

என் வேலை தேடுவது. டோப்பலாஜிகல் இன்சுலேட்டர் என்பார்கள். உள்ளே மின்சாரத்தைத் துளியும் விடாது, மேல்தோலில் மட்டும் தாராளமாக ஓடவிடும். எதை எதோடு சேர்த்தால் அப்படி ஒரு பொருள் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பட்டியல் தருவேன். அதைப் பார்த்து உலையில் படிகம் வளர்ப்பவர் என் தங்கை கணவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பொருட்கள். அதனால் எனக்குப் பெயர் வந்தது, தனிக் கட்டடம் வந்தது, முப்பது பேர் வந்தார்கள். மூன்றாம் வருஷம்தான் பார்த்தேன். பழைய வேலை ஒன்றுக்காகக் கம்ப்யூட்டர் நிரலில் எழுதிய, பொருளைப் பேரழுத்தத்தில் வைக்கும் வரியை அழிக்க மறந்திருக்கிறேன். பூமியின் வயிற்றுக்குள் நசுங்கிக் கிடந்தால்தான் அவை அப்படி நடக்கும். மேசைமேல் வைத்தால் வெறும் கல். ஒரே ஒரு வரி. சொல்லியிருக்கலாம். புலிவாலைப் பிடித்தவன் எப்படி விடுவான்?

மாப்பிள்ளை விடாக்கண்டர். நாலு வருஷம் உருக்கிப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், தப்பா நினைக்காதீங்க. என் கையில பிசகு இல்ல. திங்கட்கிழமை உங்க கணக்கை வெளியாள் ஒருத்தர்கிட்ட காட்டப்போறேன்."

"தாராளமா காட்டுங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை சூட்டைக் கூட்டிப் பாருங்களேன்."

"உள்ள ஆர்சனிக் இருக்கு மச்சான். அது ஆவியானா மூடின குழாய் வெடிச்சிரும்."

"தாங்குமான்னு நான் பார்த்து எழுதித் தரேன்."

"நீங்க எழுதினா சரி," என்று சிரித்தார்.

எங்களிடம் ஒரு வழக்கம். மூடிய குழாய் எவ்வளவு சூடு தாங்கும் என்று நான் சீட்டு எழுதுவேன். அதை உலைக்கதவில் ஒட்டாமல் அவர் சுவிட்சைத் தொடமாட்டார். புதுச் சூடு என்றால் உலையை விட்டு நகரவும் மாட்டார். சனிக்கிழமை காலை சீட்டைக் கொடுத்தேன். பதினொன்றரைக்கு வெடித்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், ஐயா.

தங்கை இப்போது என் வீட்டில் இருக்கிறாள். தினமும் எனக்குச் சோறு போட்டுவிட்டு, "அண்ணா, அவர்தான் அவசரப்பட்டுட்டாரா?" என்று கேட்கிறாள். அவள் முகத்துக்காகத்தான் நானாக இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நேற்று வந்த உங்கள் நிபுணரின் அறிக்கையையும் படித்தேன். 'சீட்டு எழுதியவரின் கணக்குப் பிழையால் நேர்ந்த விபத்து' என்று போட்டிருக்கிறார். அதை மட்டும் அடித்துவிடுங்கள். எத்தனை டிகிரியில் வெடிக்கும் என்று மூன்று முறை போட்டுப் பார்த்து, அதற்குமேல் இருபது டிகிரி கூட்டித்தான் எழுதினேன். என் கணக்கில் பிழை என்று எவனும் சொல்லக் கூடாது.