கடைசி மூன்று பாட்டுகள்

உங்கள் கட்டுரையில் என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். மேவிஸ் என்பதை மேரி என்று மாற்றிவிடுகிறவர்கள்தான் அதிகம்; எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வருகிற ஆபீஸ் கிராணிகள்கூட முதல் மாதம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்கு முதலில் நன்றி. என் தம்பி ஜோனத்தனின் இசைத்தட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு சொல் மட்டும் தவறு. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

ஒன்பது பாட்டும் அவனே அமைத்தவை. வார்த்தை இல்லாவிட்டாலும் நான் பாட்டு என்றுதான் சொல்வேன். கடைசி மூன்றில் அவன் வாசிக்கும் பாஸ், அந்த ஆளுயர நரம்பு வாத்தியம், நடுவில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கும் இடைவெளிகளைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். விபத்தில் இரண்டு விரல் போன மனிதன் அந்த நஷ்டத்தையே இசையாக்கிவிட்டான் என்று முடித்திருக்கிறீர்கள். படிக்க நன்றாக இருந்தது.

நான் தோட்டத்து கிளினிக்கில் முப்பத்தாறு வருடம் தாதியாக இருந்தேன். எல்லாருக்கும் மிஸ்ஸி. அம்மா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, ஜோனத்தனுக்கு நாலு. அப்பா கொழுந்து லாரி ஓட்டினார். வீட்டில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் அதிகம். அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பியது நான். எனக்கு வந்த இரண்டு வரனையும் வேண்டாம் என்றேன். அவன் ஏன் என்று கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இருபது வயதில் கோலாலம்பூர் போனான். கிறிஸ்துமஸுக்கு வருவான், இரண்டு நாள் இருப்பான், போய்விடுவான்.

போன வருடம் ஆகஸ்டில் வேன் நிறைய சாமானோடு வந்து இறங்கினான். எங்கள் தோட்டத்துச் சின்ன தேவாலயத்தில்தான் இந்த இசைத்தட்டைப் பதிவு செய்யப்போகிறானாம். இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் பாஸின் மரம் தாங்காது என்று பியானோ வாசிக்கும் தர்ஷினி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்தத் தகரக்கூரையின் ஒலி வேறு எங்கும் கிடைக்காது என்று அவன் ஒரே பிடியாக நின்றான். மூன்று மாதம் என் குவார்ட்டர்ஸில் தங்கினான். காலையில் எழுந்தால் வாசலில் அவனுடைய செருப்பு கிடக்கும். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாட்கள் இல்லை.

டிசம்பரில் எனக்கு அறுபது. அறுபது ஆனால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸ் சாவியையும் ஒப்படைக்க வேண்டும். அது தோட்டத்துச் சட்டம். யாரையும் குறை சொல்ல முடியாது. அவனுக்கும் அது தெரியும். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்டோபரில் ஹாலந்திலிருந்து இசைவிழாக்காரர்கள் அவனை வரச்சொல்லிக் கடிதம் போட்டிருந்தார்கள். யாரிடமோ போனில், "டிசம்பருக்குள்ள எல்லாம் செட்டில் ஆயிரும் லா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது.

பாட்டுகளுக்கு அவன் வைத்த பெயர்களையும் பார்த்தேன். 'பெரட்டு', 'கொழுந்து நிறுவை', 'எட்டாம் நம்பர் லயம்', 'மேவிஸின் ஜன்னல்'. எங்கள் தோட்டத்தில் வேலை முடிந்து வெளியேறுகிறவர்கள் கடைசி வாரம் ஒரு காரியம் செய்வார்கள். ஆள் கூடும் பெரட்டுத் திடல், கொழுந்து நிறுக்கும் கொட்டகை, பிறந்த லயத்து வீடு என்று ஒவ்வோர் இடமாகப் போய் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். படம் எடுத்தவர் எவரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அவனும் அதைத்தான் செய்கிறான் என்று புரிந்துகொண்டேன். என் ஜன்னலையும் எடுத்துக்கொண்டு போகிறான்.

ஆறு பாட்டு முடிந்திருந்தது. தேவாலயத்தில் பெஞ்சை நகர்த்தும்போது ஆணி கிழித்து, அவனுக்கு இடது கையில் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் காயம். பெரிய காயம் இல்லை.

"தானா ராத்தா ஆஸ்பத்திரி பக்கந்தானே, ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோம்," என்றாள் தர்ஷினி.

"எங்கக்கா இருக்க ஆஸ்பத்திரி எதுக்கு லா? இந்தத் தோட்டத்துல பாதிப் பேரு இது கையில பொறந்தவங்க," என்றான் ஜோனத்தன்.

அது உண்மை. மிஸ்ஸி பார்த்துவிட்டால் வேறு யாரும் பார்க்க வேண்டியதில்லை என்பது எங்கள் ஆட்களின் வழக்கம்.

எங்கள் குடும்பத்துக்கே இனிப்புநீர் வியாதி உண்டு. அவனுக்கும் இருந்தது. இப்படிப்பட்டவர்களின் காயத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவனுக்குத் தினமும் காலையில் ஊசி குத்தி இனிப்பின் அளவைப் பார்த்தேன். பதினேழு இருந்தால் எட்டு என்று சொன்னேன். மருந்து உறையில் சத்து மாத்திரையைப் போட்டுக் கொடுத்தேன். காயத்தின் கட்டுத் துணியையும் காய விடவில்லை. வேண்டியதெல்லாம் கொஞ்சம் நாள்தான். ஹாலந்துக்காரர்களுக்குப் பதில் சொல்லும் தேதி தாண்டட்டும், அவன் ஒரு மாதம் என் வீட்டில் உட்காரட்டும் என்று நினைத்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் இல்லையா, அந்த மாதிரி. சோற்றைக்கூட நான்தான் பிசைந்து கொடுத்தேன். "வலிக்குதாடா?" என்று கேட்டால், "நீ கட்டுனா வலிக்கல," என்பான்.

விரல் போக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை, கட்டைப் பிரித்தபோது வாடை வந்தது. முப்பத்தாறு வருடத்தில் அந்த வாடையைப் பலமுறை முகர்ந்திருக்கிறேன். தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். உடனே காரை எடுத்திருந்தால் விரல் இரண்டும் பிழைத்திருக்கும். ஹாலந்துக்குப் பதில் சொல்லும் கடைசித் தேதி திங்கட்கிழமை. நான் புதுக் கட்டுப் போட்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் போட்டேன். திங்கட்கிழமை மாலை நானே அவனைக் காரில் ஏற்றி மலை இறங்கினேன்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்துவிட்டு, கையைக் காப்பாற்றினார்கள். மயக்கம் தெளிந்ததும் என் மடியில் முகத்தை வைத்து அழுதான். "நீ கொண்டாந்து சேக்கலன்னா கையே போயிருக்கும்க்கா," என்றான். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. இசைத்தட்டு உறையில் அவன் அச்சிட்டிருப்பதை நீங்களும் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள்: 'என் கையைக் காப்பாற்றிய அக்கா மேவிஸுக்கு.'

மிச்சம் மூன்று பாட்டையும் மிச்சம் இருந்த விரல்களால் ஐந்து மாதம் பழகி வாசித்தான். முன்பு ஒரே வீச்சில் போன இடத்துக்கு இப்போது கை மொத்தமும் நகர்ந்துதான் போக வேண்டும். அதற்கு ஆகும் நேரம்தான் நீங்கள் பாராட்டிய இடைவெளி. சில மாலைகளில் 'பெரட்டு' பாட்டைத் தொடங்குவான். அந்த இரண்டு விரலும் வேலை செய்ய வேண்டிய இடம் வரும். நின்றுவிடுவான். மறுபடி முதலிலிருந்து வருவான், அங்கேயே நிற்பான். அந்த நேரம் நான் அடுப்படிக் குழாயைத் திறந்துவிடுவேன்.

ஆகவே விபத்து என்ற சொல்லைத் திருத்திவிடுங்கள். அதைச் செய்தது நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை; தெரிந்தே செய்தேன். போலீஸிடம் கொடுப்பதானாலும் இந்தக் கடிதத்தைக் கொடுக்கலாம். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் மூன்றாம் நாள், தன் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே ஒரு சாவி. இந்த மலையிலேயே, ரிங்லெட்டில் இரண்டு அறை வீடு. எனக்கு முட்டி வலி என்பதால் படி இல்லாத கீழ்வீடாகத் தேடிப் பிடித்து, செப்டம்பரிலேயே வாடகைக்கு எடுத்துவிட்டானாம். "டிசம்பர்ல நீ வீட்ட விடணும்ல. ஹாலந்துக்கு வரலன்னு லெட்டர் வந்த அன்னிக்கே எழுதிட்டேன். இனிமே நாம இங்கதானே, அதான் பாட்டுக்கெல்லாம் இங்க உள்ள பேரா வெச்சேன். பாட்டு வெளியாகுற அன்னிக்குச் சாவியக் குடுக்கலாம்னு இருந்தேன்க்கா," என்றான்.

இதை அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நல்ல வீடு. ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்கிற பழக்கம். அதை நான் அவனிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. பெற்ற பிள்ளை மாதிரி நான் வளர்த்தவன், மன்னித்துவிட்டேன்.