மதகின் மூன்றாவது சாவி

நல்ல பூட்டு வாங்கினால் மூன்று சாவி வரும். வாங்குகிறவர்கள் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டைக் கையில் கொடுத்தால் திருப்தியாகப் போய்விடுவார்கள். நீங்கள் மேசை மேல் வைத்திருக்கும் பூட்டு, மதகுக்கு எங்கள் கடையிலிருந்து போட்ட அதே ரகம்தான் இன்ஸ்பெக்டர் சார். நான் மறுக்கவில்லை.

என் பெயர் எபினேசர். திருவொற்றியூரில் ஹார்டுவேர் கடை, நாசரேத்திலிருந்து வந்து அப்பா ஆரம்பித்தது. எண்ணூர் போகும் வழியில் கால்வாயை ஒட்டி நிற்கும் அடுக்குமாடி நான் கட்டிய முதல் கட்டடம். தாழ்வான மனை. லாரி லாரியாக மண் அடித்து உயர்த்தினேன். பக்கத்து மீனவக் குப்பம் அப்போதே சண்டைக்கு வந்துவிட்டது. அவர்களுடைய மழைத்தண்ணீர் அந்த மனை வழியாகத்தான் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்ததாம். நியாயமான பேச்சுதான். என் கட்டடத்துக்கு அடியிலேயே அவர்களுக்கு வடிகால் போட்டுக் கொடுத்தேன். குப்பத்து எல்லையில் ஓர் இரும்பு மதகு. கடல் பொங்கி ஓதம் ஏறும்போது இறக்கினால் கால்வாய்த் தண்ணீர் குப்பத்துக்குள் வராது. ஓதம் வடிந்ததும் தூக்கினால் மழைத்தண்ணீர் வெளியே போய்விடும்.

சாவி யாரிடம் இருப்பது என்று பேச்சு வந்தபோது அவர்கள் என்னை நம்பவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. மீன் விற்கும் புஷ்பவல்லியிடம் இருக்கட்டும் என்றார்கள். ஊர் முன்னால் இரண்டு சாவியையும் அவள் கையில் கொடுத்தேன். கைதட்டினார்கள். மூன்றாவது என் கல்லாவில் கிடந்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கோடையில் ஒருமுறை எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்தேன், துரு பிடித்திருக்குமோ என்ற கவலையில். சுலபமாகத் திறந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு வந்தேன்.

வடிகாலில் ஒரு சின்னக் குறை இருந்தது. வரைபடத்தில் காட்டியதைவிடக் குழாயைச் சிறிதாகப் போட்டிருந்தேன். பெரிதாகப் போட்டால் கீழ்த்தளத்தில் கார் நிறுத்த ஒரு வரிசை குறையும்.

அந்த டிசம்பர் மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மதியம் ஓதம் வடிந்ததும் புஷ்பவல்லி நனைந்துகொண்டே வந்து, மதகைத் தூக்கி, கீழே இறங்காதபடி சங்கிலியைப் பூட்டிவிட்டுப் போனாள். மாடியிலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் குப்பத்துத் தண்ணீர் குழாய்க்குள் அடங்காமல் எங்கள் கீழ்த்தளத்தில் பொங்கியது. பால் காய்ச்சிக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகாத குடும்பங்கள். வெள்ளமே வராது என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பழகியவன் நான்.

குடையைப் பிடித்துக்கொண்டு போய், மழைக்காலம் என்று கையோடு வைத்திருந்த மூன்றாவது சாவியால் சங்கிலியைத் திறந்து, மதகை இறக்கிப் பூட்டினேன். குப்பத்தில் தண்ணீர் ஏறும் என்று தெரியும். முழங்கால் அளவு ஏறும் என்று நினைத்தேன். அவர்கள் தண்ணீரோடு பழகிய ஜனம்.

பிறகு கூச்சல் கேட்டது. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. இப்போது போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தோன்றியது. குடிவந்தவர்களுக்கு டீ போடச் சொன்னேன்.

கடைசியில் புஷ்பவல்லிதான் கழுத்தளவு தண்ணீரில் வந்து, எல்லோர் கண் முன்னாலும் பூட்டைத் திறந்தாள். அதற்குள் அம்மு போய்விட்டாள். ஏழு வயதுப் பிள்ளை. புஷ்பவல்லியின் அண்ணன் மகன் ரஞ்சித்துடைய பெண். அவன் துறைமுகத்தில் வேலையில் இருந்தான், பிள்ளை வீட்டில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணீர் அஞ்சலி பேனர் என் செலவு. என் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மதகு பூட்டிக் கிடந்ததை ஊரே பார்த்தது. சாவி அவளிடம்தான். ரஞ்சித் அவளை ஒரே ஒரு கேள்வி கேட்டானாம்: "ஏன் அத்தே பூட்டுன?" அதற்குப் பிறகு குப்பத்தில் அவளோடு யாரும் பேசவில்லை.

பொங்கலுக்கு முன்னால் அவள் என் கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர்கள் போகும்வரை ஓரமாக நின்றாள்.

"அண்ணாச்சி, நீ மாடிலதானே இருந்த. நான் தொறந்தத பாத்தியா? தொறந்த மாரிதான் கீது எனக்கு. ஆனா பூட்டிக்கினு இருந்துச்சே. எனக்கே இப்போ ஒண்ணும் தெர்ல."

எனக்குப் பாவமாக இருந்தது சார், உண்மையாகவே.

"அந்த மழையில யாருக்கும்மா நெனப்பு நிக்கும்? ஓதம் ஏறுதுன்னு பதட்டத்துல பூட்டியிருப்பீங்க. மனசப் போட்டு அலட்டிக்காதீங்க," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டே போனாள். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

அடுத்த வாரம் குப்பத்துப் பெரியவர்கள் வந்து இரண்டு சாவியையும் என் மேசை மேல் வைத்தார்கள். உங்களிடம் இருப்பதுதான் நல்லது அண்ணாச்சி என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருடத்தில் அன்றுதான் என்னை நம்பினார்கள்.

புஷ்பவல்லி வியாசர்பாடிக்குக் குடி போனாள். புது வீட்டுக்கு என்று பெரம்பூரில் ஒரு கடையில் இதே பூட்டை வாங்கியிருக்கிறாள். அந்தக் கடைக்காரர் மூன்று சாவியையும் கொடுத்துவிட்டார். அதைத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறாள்.

மதகைப் பூட்டியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்து அனுப்பினால் நல்லது. நாளை அமாவாசை, ஓதம் பெரிதாக இருக்கும், மழையும் உண்டு என்கிறார்கள். மதகைப் பார்த்துக்கொள்ள அங்கே பொறுப்பான ஆள் என்னை விட்டால் யாரும் இல்லை.