வேறொருத்தியின் பாசிமாலை

குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவள் மடியில் கைக்குழந்தை தூங்கியது. பிள்ளை வேண்டிக் கோயில் மரத்தில் பாசிமாலை கட்டியவர்கள், பிறந்ததும் வந்து அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த சிவப்பு மாலை அவன் கையில் இருந்தது.

"இது நம்மளுது இல்லங்க. நான் மூணு முடிச்சுல்லா போட்டிருந்தேன்."

"ஏட்டி, மரம் பூரா செவப்பாத்தான் தொங்குது. தேடித்தேடிக் கழுத்தே வலிக்கு."

"எவளுக்கோ இன்னும் பொறக்காம இருக்கும்."

"சாமிக்குத் தெரியாதா?"

"சாமிக்குத் தெரியும். அவ வந்து பாத்து, மாலையக் காணலன்னா?"

"கட்டுனதப் பாக்கதுக்குன்னு எவ வருவா?"

"நான் வந்தேன். மாசாமாசம், உங்ககிட்ட சந்தைக்குன்னு சொல்லிட்டு."

அவன் எழுந்து, குழந்தையைத் தோளில் வாங்கிக்கொண்டான்.

"கண்டக்டர் அண்ணாச்சி, இங்கன நிப்பாட்டுங்க."

"அப்ப நம்மளுது?" என்றாள்.

"அது பாட்டுக்குத் தொங்கட்டும். இந்த மாலை எந்தக் கொப்புல இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. வா."