சொல் இல்லாத பாட்டு

2024 நவம்பர் 12, செவ்வாய். எழுந்ததும் வழக்கம்போல் இரத்த அழுத்த மாத்திரை, பிறகு தேநீர், பிறகு மரக்கறி வாங்க லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு ரயில். எதிரே இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவரின் மடியில் நாற்பதுகளின் ஜாஸ் பாடகி ஒருத்தியின் இசைத்தட்டு.

“சொல்லே இல்லாத பாட்டுக்கு ஃபாதர் சொல் கேக்கிறார்,” என்றார் அவர்.

“ஏன் அண்ணை?”

“என்ரை மனுசி செத்த முப்பத்தோராம் நாள் பூசையிலை இதைப் போட வேணுமெண்டால், வரியளை முதலே எழுதித் தரட்டாம். தட்டிலை இவள் பாடுறது முழுக்க ஷூ-பி-டூ-பா.”

“பேசாமல் ஒரு மாதா பாட்டைப் போடுங்கோவன்.”

“மனுசி சமைக்கேக்கை மாதா பாட்டோ பாடினவள்? இதைத்தான் பாடினவள். நான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டு, எழுதிக் குடுத்திட்டன்.”

“ஷூ-பி-டூவையோ?”

“ஓம். தமிழிலை.”



“ஃபாதர் வாசிச்சவரோ?”

“வாசிச்சவர். ரெண்டாம் பந்தியிலை ஒரு டூ விடுபட்டுப் போச்சாம். அதைச் சேர்த்தால் போடலாமாம்.”

ஈஸ்ட் ஹாமில் மூவரும் இறங்கினோம். இசைத்தட்டை மூத்தவர் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். வெளியே மழை.

மறுநாள் காலை, மாத்திரைக்கு முன்பே, வானொலியில் ஜாஸ் எந்த அலைவரிசையில் வருகிறது என்று தேடினேன்.