ஜோடிப் பேச்சு

தங்கை (மனசுக்குள்): இன்னைக்குச் சொல்லிடணும். 'இங்கிலீஷ் பரீட்சைக்கு நான் உங்கூட ஜோடி சேரல.' அவ்வளவுதான். அக்கா மூச்சு விடுற சந்துல சொல்லிடணும். ஆனா இவ எப்பதான் மூச்சு விட்டிருக்கா...

அக்கா: ஏய், என்ன சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்க? பரீட்சையிலயும் இப்படித்தான் முழிப்பியா?

தங்கை: அக்கா, ஒரு விஷயம்...

அக்கா: அப்புறம். ஏங்க, படத்தைக் காட்டுங்க.

மாமா: இருடி, இந்தக் காலரைத் தேய்ச்சுட்டு வரேன்.

அக்கா: பரீட்சை நடத்துறவரு நடுவுல இஸ்திரிப் பெட்டியை எடுப்பாரா?

மாமா: உன்னை மாதிரி ஆள் வந்தா எடுப்பாரு. சூடு வைக்க.

தங்கை: மாமா!

மாமா: சரி சரி. இதோ மூணு படம். ஒரு ஊருக்கு எது முக்கியம், பூங்காவா, நூலகமா, நீச்சல் குளமா? ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல கலந்து பேசி ஒரு முடிவுக்கு வரணும். மச்சினி ஆரம்பிக்கட்டும்.

தங்கை: ஐ திங்க்... நீச்சல் குளம்...

அக்கா: அவ பூங்கான்னு சொல்ல வந்தா.

மாமா: குளம்னுதானடி காதுல விழுந்துச்சு?

அக்கா: இவளுக்கு நீந்தவே தெரியாது, இவளுக்கு எதுக்குக் குளம்? நான் பேசறேன், நீ கேளு. தேவைப்பட்டா 'யெஸ், ஐ அக்ரீ'ன்னு தலையாட்டு.

மாமா: அப்ப அவளுக்குப் பதிலா ஒரு தலையாட்டி பொம்மையைக் கூட்டிட்டுப் போயேன்.

அக்கா: பொம்மைக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரில வேலை கொடுப்பாங்களா? ரெண்டு பேரும் பாஸ் பண்றோம், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வீடு. ஜன்னல் வச்ச ரூம் உனக்குத்தான்னு முடிவே பண்ணிட்டேன்.

தங்கை: என்கிட்ட கேக்காமயா?

அக்கா: ஜன்னல் உனக்குப் பிடிக்காதா?

தங்கை: பிடிக்கும், ஆனா...

அக்கா: பிடிக்கும்ல? பேச்சு முடிஞ்சுச்சு.

மாமா: இதுல என்னம்மா அதிசயம். சின்ன வயசுல உனக்குத் தொண்டை வலின்னு டாக்டர்கிட்ட போனா, அவரு வாயைத் திறன்னதும் உங்கக்கா 'ஆ'ன்னாளாம். உங்கம்மாவே சொன்னாங்க.

அக்கா: தைரியம் சொல்லிக் கொடுத்தேன்!

மாமா: நம்ம கல்யாணத்துல 'சம்மதமா'ன்னு என்னைக் கேட்டாங்க. எனக்கும் சேத்து நீதான சொன்ன?

அக்கா: நீங்க பதில் சொல்றதுக்குள்ள மண்டபத்தைப் பூட்டியிருப்பாங்க. வாயுள்ள பிள்ளை பிழைக்கும். ஆஸ்பத்திரில நடை பழக்கும்போது நான் பேசுற பேச்சுக்குப் பயந்துதான் கால் ஒடிஞ்சவன்கூட எந்திரிச்சு நடக்கறான். இவ பேசுறதே ரெண்டு வார்த்தை. 'மூச்சைப் பிடிங்க... விடுங்க.' எக்ஸ்ரே ரூமுக்கு அது போதும். பரீட்சைக்குப் போதுமா?

தங்கை: அதான்க்கா சொல்ல வரேன். நீ வேற யாரோடயாவது...

அக்கா: வேற யாரோட? தெரியாத ஆளோடயா? வேணவே வேணாம்.

மாமா: வேணாம்மா. போன தடவை ஜோடியா வந்த அந்தப் பாலம் கட்டுற மனுஷன் அழுததே போதும்.

தங்கை: யாரு அழுதது?

அக்கா: ஏங்க, சட்டை தீயுது பாருங்க.

மாமா: பெட்டியை அணைச்சே ரொம்ப நேரமாச்சு.

தங்கை: போன தடவை கரண்டு போய் பரீட்சையே நடக்கலன்னு சொன்னியேக்கா?

அக்கா: கரண்டும்... போச்சு.

மாமா: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதடி.

அக்கா: நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?

தங்கை: அக்கா.

அக்கா: சரி, ஃபெயிலு. போதுமா? அந்த ஆளு திக்கித் திக்கிப் பேசினான். பாவம்னு அவன் பேச வேண்டியதையும் நானே பேசிட்டேன். உதவிதான பண்ணேன்? அதுக்கு அவன் கண்ணு கலங்குறான், எனக்கு மார்க்கை வெட்டுறாங்க. கூட இருக்கறவங்களைப் பேச விடணுமாம்.

மாமா: அதைத்தான் நானும் பதினோரு வருஷமா...

அக்கா: நீங்க பேசினா சிரிப்பு வரும்ங்க, இப்ப வேண்டாம்.

தங்கை: ஏன்க்கா என்கிட்ட மறைச்ச?

அக்கா: உனக்கு முன்னாடி ஃபெயிலாகி நிக்கச் சொல்றியா? ...இங்க பாரு. சிரிக்கக் கூடாது.

தங்கை: சிரிக்கல.

அக்கா: தெரியாதவங்க முன்னாடி உக்காந்தா எனக்குக் கை நடுங்குது. நடுங்குறது தெரியக் கூடாதுன்னு பேச ஆரம்பிக்கறேன். அப்புறம்... நிறுத்தத் தெரியல. நீ பக்கத்துல இருந்தா நடுங்காது. இன்னொரு தடவை கோட்டை விட்டேன்னா அந்த ஆஸ்பத்திரி என் பேரையே அடிச்சிரும்.

மாமா: இதை என்கிட்ட சொன்னதே இல்லையேடி நீ.

அக்கா: நீங்க எங்க கேட்டீங்க.

மாமா: கேக்க எங்க விட்ட... சரி விடு. இங்க வா, உக்காரு.

அக்கா: உக்காந்துட்டுத்தான் இருக்கேன். ஏய், நாளையோட பேரு கொடுக்கற கெடு முடியுது. ஜோடின்னு உன் பேரைப் போட்டுடறேன். உனக்கும் நேரம் கொடுக்கறேன், சத்தியமா. நீச்சல் குளம்னே சொல்லிக்கோ. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுடி.

தங்கை: இல்லக்கா. நான் வரல... குறுக்க பேசாத, முடிச்சுடறேன். போன மாசம் எக்ஸ்ரே மிஷின் ட்ரெய்னிங்னு ரெண்டு நாள் வெளியூர் போனேனே, அது ட்ரெய்னிங் இல்ல. இதே இங்கிலீஷ் பரீட்சைக்குப் போனேன். பாஸாயிட்டேன். வேலையும் கிடைச்சிருச்சு, உன் ஆஸ்பத்திரி இல்ல, அந்த ஊரும் இல்ல. ஜோடியா வந்தது யாரோ ஒரு நர்ஸம்மா, அவங்க முகம்கூட இப்ப ஞாபகம் இல்ல. அவங்க என்னைப் பாத்து சும்மா காத்துட்டு இருந்தாங்கக்கா. நான் பேசினேன். என்கிட்ட அவ்வளவு பேச்சு இருக்குன்னு எனக்கே தெரியாது. உன் பக்கத்துல உக்காந்தா அது வராது. வீட்ல தினமும் உங்கூட பழகறேன், கை நடுங்கினா பிடிச்சுக்கறேன். ஆனா அந்த ரூமுக்குள்ள நான் வரல.